இஸ்திரி வண்டியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ

மெஷின் வாங்கியாச்சு, ரோட்டரி கட்டர் வாங்கியாச்சு, இனி அயர்னிங் போர்டுதான் பாக்கி, எதை வாங்கட்டும் என்று நேற்று போனில் கேட்டாய். கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார். நீள்சதுரமாக ஒரு பலகை. அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி. அதற்கும் மேல் வெளுத்துப்போன வேட்டி. நின்றபடி வேலை செய்ய வாகான உயரம். ஸ்பாஞ்ச் கிடையாது, ஒரு பக்கம் கூராகப் போகும் மூக்கும் கிடையாது. குயில்ட் தைக்கிறவளுக்கு வேண்டியது அந்தப் பலகைதான். இது எனக்குப் புரிவதற்குள் ஒரு மடக்கு போர்டு பரணுக்குப் போய்விட்டது.

அந்த போர்டைக் குறை சொல்ல முடியாது, சட்டைக்கு அது நல்ல போர்டுதான். மூக்கு குறுகலாக இருப்பதே சட்டைத் தோளையும் பாவாடையையும் அதில் மாட்டித் தேய்ப்பதற்காகத்தான். நான்தான் அதன் மேல் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டித் தைத்த பிளாக்குகளை வைத்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி நடுவில் உப்பி, ஓரத்தில் நெளிந்திருந்தன. தையல்தான் சரியில்லை என்று இரண்டு முறை பிரித்தேன். தையலில் ஒரு குற்றமும் இல்லை. அடியில் இருந்த ஸ்பாஞ்ச் செய்த வேலை அது.

ஏன் என்று சொல்கிறேன். கால் அங்குலம் விட்டுத் தைக்கிறோம், டெய்லர் கணக்கில் இரண்டு நூல். தைத்ததைப் பிரித்து வைத்து அழுத்தும்போது அடிப்பரப்பு மெத்தென்று இருந்தால் தையல் உள்ளே அமுங்கும், துணி முழுசாக விரியாது. தையலோரத்தில் ஒரு குட்டி மடிப்பு ஒளிந்துகொள்ளும். அதில் அரை நூல் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு வரிசையில் 16 தையல் இருந்தால் முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போகும். பக்கத்து வரிசையில் எட்டே தையல் என்றால் அங்கே அரை அங்குலம்தான் குறையும். இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத் தைக்கப் பார், அப்போது தெரியும்.

கிராஸாக வெட்டிய துணி இன்னும் மோசம். மெத்தையில் பெட்டியை இழுத்தால் துணியும் கூடவே இழுபடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வண்டிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. அவர் தேய்க்கிறார், நாம் தேய்க்கக் கூடாது. பெட்டியை வை, அழுத்து, தூக்கு, அடுத்த இடத்தில் வை. முதலில் தையலைப் பிரிக்காமல் அப்படியே ஒரு தடவை அழுத்திவிட்டு, பிறகு பிரித்து, கருத்த துணி இருக்கும் பக்கமாகத் தையலை மடித்து அழுத்தினால் வெள்ளைத் துணிக்கு அடியில் நிழல் தெரியாது.

கர்நாடகத்தில் சித்தி இனத்துப் பெண்கள் பழைய துணிகளை வைத்துக் கையாலேயே கவந்தி என்கிற குயில்ட் தைக்கிறார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். அதற்கு நம்மைப் போல நூல் கணக்கும் வேண்டாம், இவ்வளவு போர்டு பஞ்சாயத்தும் வேண்டாம். கட்டம் கட்டமாக மெஷினில் தைத்து மூலையோடு மூலை சேர்க்கிற நமக்குத்தான் இந்தப் பாடு.

சரி, அளவுக்கு வருகிறேன். நாம் வாங்கும் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம். இரண்டாக மடித்தால் 22. கடையில் கிடைக்கும் சாதாரண போர்டு ஒன்றேகால் அடி அகலம்கூடத் தேறாது, துணி இரண்டு பக்கமும் தொங்கும். இரண்டடிக்கு நாலடி பலகை இருந்தால் மடித்த துணி முழுசாக அதில் படுக்கும். நீள்சதுர போர்டு ரெடிமேடாகக் கிடைத்து, மேல்பக்கம் கெட்டியாக இருந்தால் தாராளமாக வாங்கு. நான் ஆசாரியிடம் வெட்டி வாங்கு என்றுதான் சொல்வேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், '710' என்று கேள், அவருக்குப் புரியும். ஈரம் தாங்குகிற ரகம். பழைய பீரோ கதவு இருக்கிறதே என்று பார்ட்டிகிள் போர்டில் கை வைக்காதே. நான் வைத்தேன். ஆவி இறங்கி ஒரு மூலை ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது.

பலகை மேல் கம்பளி இரண்டு மடிப்பு போதும். ஆனால் கம்பளி என்று சொல்லி விற்பதெல்லாம் கம்பளி இல்லை. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, வாசலில் வைத்துக் கொளுத்திப் பார். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல். உருகி மணி மாதிரி கெட்டியானால் அது செயற்கை நூல், சூட்டுக்குத் தாங்காது. அசல் கம்பளி கிடைக்காவிட்டால் குயில்ட்டுக்கு உள்ளே வைக்கிற பேட்டிங்கில் பருத்தி ரகத்தை இரண்டு அடுக்கு போடு. பாலியெஸ்டர் ரகம் வேண்டவே வேண்டாம்.

அதற்கு மேலே காடா துணி. முதலில் துவைத்துச் சுருக்கம் எடுத்துக்கொள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஆரம்பித்து மூலையை நோக்கி இழுத்து, பலகையின் பின்பக்கம் ஸ்டேப்ளர் கன்னால் அடி. இதோடு நிறுத்திவிடாதே. தலையணை உறை மாதிரி நாடா வைத்து இன்னொரு உறையும் தைத்து மாட்டு. கஞ்சி ஸ்ப்ரே அடித்து அடித்து மேல்துணி முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், அந்தக் கறை பிளாக்கில் ஏறும். உறை என்றால் கழற்றித் துவைக்கலாம். சுங்குடியும் செட்டிநாட்டுக் காட்டனும் துவைக்காமல் கொண்டுவந்து ஆவி காட்டினால் சாயம் உறையில் இறங்கி, அடுத்து வைக்கிற வெள்ளைத் துணியில் ஒட்டும். சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

கடையில் வெள்ளிப் பூச்சு போட்ட உறையைக் காட்டிச் சூடு வீணாகாது என்பார்கள். சூடு திரும்புவது சரிதான், ஈரம் கீழே இறங்காதே! துணியும் வழுக்கும். கட்டம் அச்சிட்ட உறையும் வேண்டாம். துவைத்தால் சுருங்கும், அப்புறம் அந்தக் கட்டத்தை நம்பி அளக்க முடியாது. அளக்கிறதுக்கு ஸ்கேல் இருக்கிறது.

உயரத்துக்கு இன்ச் டேப் வேண்டாம். நேராக நின்று முழங்கையை மடக்கு. முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே பலகை இருக்கட்டும். டைனிங் டேபிள் 30 அங்குலம்தான், நின்று செய்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பேசும். அம்மா மாதிரி தரையில் போர்வை விரித்து உட்காரலாம் என்று நினைக்காதே, உனக்கும் எனக்கும் அந்த முட்டி இல்லை. மடக்கு போர்டைத்தான் வாங்கப் போகிறாய் என்றால் கடையிலேயே விரித்து ஒரு மூலையில் கையை ஊன்றிப் பார். ஆடினால் வைத்துவிட்டு வா. முழு குயில்ட்டின் மேல்துணி தொங்கும்போது அது இன்னும் ஆடும். அந்தக் கனம் பிளாக்கையும் இழுக்கும், அதனால் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுத் துணியைத் தாங்க விடு.

பிளக்கையும் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய். 1000 வாட் சாதாரணப் பெட்டி 6 ஆம்பியரில் ஓடும். 2000 வாட் ஸ்டீம் பெட்டிக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும், டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷனில் சொருகிவிடாதே. கனமான பழைய பெட்டியும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் எனக்கு இன்றுவரை போதுமாக இருக்கிறது.

மெஷின் பக்கத்தில் வைக்க அரை அங்குலத் தடிமனில் சின்னக் கம்பளி மேட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சூட்டைப் பிடித்து வைத்து அடியிலிருந்தும் கொடுக்கும், பிளாக் தட்டையாக வரும். ஸ்டீம் பட்டால் மழையில் நனைந்த ஆட்டு வாசம் வீசும், அது கெட்டுப்போனதால் அல்ல. பாலிஷ் போட்ட மேசையில் மட்டும் நேரே வைக்காதே, ஈரம் கீழே இறங்கி வெள்ளைப் படலம் விழும்.

இன்னொன்று. சூட்டில் மறையும் பேனாவால் கோடு போடுகிறாயே, அது அழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் திரும்ப வரும். கனடாவில் இருக்கும் சின்னவள் குழந்தைக்கு அனுப்பப் போகிறாய் என்றால் சாக்பீஸால் கோடு போடு.

8க்கு 4 ஷீட்டாக எடுத்தால் இரண்டுக்கு நாலு துண்டு நாலு வரும். ஒன்று உனக்கு. ஒன்றை எனக்கு எடுத்து வை, என் மூலைதான் ஊதிக் கிடக்கிறதே. மற்ற இரண்டையும் மாப்பிள்ளை செருப்பு ஸ்டாண்ட் செய்யக் கேட்பார், கொடுத்துவிடாதே.