230662-க்கு என்ன ராசி?

கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர் வாளையாரில் எல்லையைத் தாண்டியதுமே லாட்டரிக் கடைகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு, இந்தக் கடைகளின் பெரிய வாடிக்கையாளர்கள் எல்லைக்கு இந்தப்பக்கத்துக்காரர்கள்தான். சீட்டுக் கட்டைப் புரட்டியபடியே இலக்கங்களை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கூட்டெண் பொருந்தினால் சீட்டு அடிக்கும் என்பது நம்பிக்கை.

கூட்டிப் பார்க்க நல்ல எண் ஒன்று இங்கேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 20 அன்று குலுக்கிய திருவோணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு பெற்ற டிஇ 230662 வாளையாரில் விற்ற சீட்டுதான். இலக்கங்களைக் கூட்டினால் 19, பிறகு 10, கடைசியில் 1. ‘சூரியனின் எண், அடிக்காமல் இருக்குமா?’ என்று பரிசு விழுந்த பிறகு சொல்வது சுலபம்.

கூட்டெண்ணில் மாயம் ஏதுமில்லை. பத்து, நூறு, ஆயிரம் என எதை ஒன்பதால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். அதனால் எந்த எண்ணின் கூட்டெண்ணும் அதை ஒன்பதால் வகுக்கும்போது வரும் மீதியே. மீதி வராவிட்டால் 9. 100000 முதல் 999999 வரையுள்ள ஒன்பது லட்சம் எண்களில் ஒவ்வொரு கூட்டெண்ணுக்கும் சரியாக ஒரு லட்சம் எண்கள். சூரியனுக்கும் சனிக்கும் ஒரே பங்கு.

‘ஒரே இலக்கம் திரும்ப வந்தால் ஆகாது’ என்று ஒதுக்குகிறவர்கள் எவ்வளவு சீட்டுகளை ஒதுக்குகிறார்கள் தெரியுமா? ஆறு இலக்கமும் வெவ்வேறாக உள்ள எண்கள் 1,36,080 மட்டுமே. மீதி 85 சதவீதத்தில் ஏதாவது ஒன்று திரும்பத்தான் வரும். பரிசு எண்ணில் 2 இருமுறை, 6 இருமுறை! அதன் காரணிகளைத் தேடினாலும் பெரிதாக ஒன்றுமில்லை: 2 × 115331. அந்த 115331 பகா எண் என்பது கணக்கு வாத்தியாருக்கு வேண்டுமானால் சுவைக்கும். திருவனந்தபுரத்தில் சுழலும் குலுக்கல் இயந்திரத்துக்கு அது தெரியாது.

இன்னொரு வேடிக்கை. 230662 அந்த ஒரு சீட்டில் மட்டும் அச்சான எண் அல்ல. மற்ற எழுத்துத் தொடர்களிலும் அது உண்டு. எண்ணும் அதுவே, கூட்டெண்ணும் அதுவே. ஆனால் கேரள லாட்டரி விதிப்படி அவற்றுக்கு ஆறுதல் பரிசுதான். 25 கோடியைத் தீர்மானித்தவை எண்ணுக்கு முன்னால் நின்ற இரண்டு எழுத்துகள்.

அப்படியானால் வாளையார் ராசியான ஊரா? லட்சம் சீட்டு விற்கிற இடத்தில் பரிசு விழும் வாய்ப்பு, ஆயிரம் சீட்டு விற்கிற இடத்தைப்போல நூறு மடங்கு. அது கடையின் கணக்கு. ஒரே ஒரு சீட்டு வாங்குகிறவருக்கு, அதைக் குமுளியில் வாங்கினாலும் வாளையாரில் வாங்கினாலும் வாய்ப்பு ஒன்றுதான்.