பழைய டிராக்டரில் மின்னேற்றம் குன்றினால் செய்ய வேண்டுவன

மாரியூர், வாலிநோக்கம், சாயல்குடிப் பகுதிகளில் மிளகாய்ச் சாகுபடி வானத்தையே நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால், ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும். கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற டிராக்டர் அன்று கிளம்ப மறுத்தால், நாம் இழப்பது ஒரு நாளன்று, ஒரு பருவம். ஆதலால் மழைக்கு முன்னரே சோதித்தல் நன்று.

1960-களின் மாஸி பெர்குசன் 35 போன்ற பழைய வண்டிகளில் மின்சாரம் தருவது டைனமோ. பெல்ட் அதனைச் சுழற்ற, அதிற் பிறக்கும் மின்சாரம் ரெகுலேட்டர் பெட்டி வழியாகப் பாட்டரியை அடைகிறது. எஞ்சின் நின்றபின் மின்சாரம் திரும்பி ஓடாதபடி தடுப்பது அப்பெட்டியிலுள்ள கட்-அவுட். இதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பாட்டரி ஓரிரவிலேயே வடிந்துவிடும்.

பலரும் உடனே புதிய பாட்டரி வாங்கிவிடுகின்றனர். டைனமோவில் பழுதிருப்பின் புதியதும் சில நாட்களில் ஓய்ந்துவிடும், பணம் வீணாகும். எனவே கீழ்க்கண்ட வரிசையில் சோதிப்போம்.

முதலாவது, பாட்டரி. நம் கடற்கரையின் உப்புக் காற்றில் முனைகளும் எர்த் இணைப்பும் விரைவில் அரித்துப்போகும். ஆப்பச் சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவி, சுரண்டித் துடைத்து, இறுக்கி, வாசலின் பூசுக. சோடா நீர் பாட்டரிக்குள் புகலாகாது. உள்ளே நீர் குறைந்திருப்பின் வாலை வடிநீரே ஊற்றுக. கிணற்று நீர் கூடாது. நிறைந்த பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும்.

இரண்டாவது, பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ்வது போதும்.

மூன்றாவது, டைனமோ. அதன் பெரிய முனை, சிறிய முனை இரண்டிலிருந்தும் கம்பிகளைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்கவும். வோல்ட் மீட்டரை அவ்விணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே பொருத்தி, எஞ்சினை மெதுவாக வேகப்படுத்துக. முள் தடையின்றி ஏறினால் டைனமோ நலமே. 20 வோல்ட்டுக்கு மேல் ஏற விடலாகாது.

முள் அசையாவிடில் கார்பன் பிரஷ்களையும் கம்யூட்டேட்டரையும் பார்க்கவும். தேய்ந்த பிரஷை மாற்றி, கம்யூட்டேட்டரைத் துடைக்கவும். 1 வோல்ட் அளவே காட்டினால் பீல்டு காயிலிலும், 5 வோல்ட் அளவில் நின்றால் ஆர்மேச்சரிலும் பழுது இருக்கலாம். நெடுநாள் நின்ற டைனமோ தன் காந்தத்தை இழந்திருக்கவும் கூடும். அப்போது எஞ்சினை நிறுத்தி, இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியால் டைனமோவின் சிறிய முனையை ஒரு கணம் தொட்டு எடுக்கவும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆகும் என்பதை மறத்தல் கூடாது.

டைனமோ நன்றாயிருந்தும் மின்னேற்றம் இல்லையெனில், குறை இடையிலுள்ள கம்பிகளில் அல்லது ரெகுலேட்டர் பெட்டியில் உள்ளது. கம்பிகளை நாமே பார்க்கலாம். பெட்டியின் திருகுகளைத் தொடாது மெக்கானிக்கிடம் விடுக.

வோல்ட் மீட்டரை வீட்டுக்கொன்றாக வாங்க வேண்டுவதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.