செப்பும் மூடியும்

மரத்தைக் கடைந்து சிறு கலங்கள் செய்யும் தொழிலைப் பற்றிச் சில கூறுவது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்கு உளியோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். திருக்குறளில் ‘உட்பகை’ என்னும் அதிகாரத்தில் ஓர் உவமை வருகின்றது. செப்பும் மூடியும் புறத்தே ஒன்றுபட்டுத் தோன்றுதல் போலத் தோன்றினும், உட்பகை கொண்ட குடியினர் உள்ளத்தால் ஒன்றுபடார் என்பது அதன் கருத்து. உரையைப் பன்முறை படித்தும் அவ்வுவமையின் ஆழம் எனக்குப் புலப்படவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்த எங்கள் ஊர்க் கடைசற் பட்டறையில், ஒரு செப்பினை என் கையாலேயே கெடுத்த பின்னர்த்தான் புலப்பட்டது.

சொல்லும் தொழிலும்

‘கடைதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. மத்தினால் தயிரைக் கடைதல் ஒன்று. மரம் முதலியவற்றைச் சுழலவிட்டு உளியால் உருவாக்குதல் மற்றொன்று. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருளையும் தருகின்றது. பழைய கைக்கடைசலைக் கண்டவர்க்கு இவ்வொற்றுமை வியப்பளிக்காது. மரத்துண்டின் மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் அதன் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். மரம் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாகச் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டும் மற்றொருவர் உளியைக் கொடுத்துச் செதுக்குவார். தயிர்ப் பானையருகே நம் தாய்மார் செய்வதும் இதுவேயன்றோ? மின்விசை வந்தபின் கயிறு போயிற்று. சொல் மட்டும் நின்றது.

‘செப்பு’ என்பதும் பழஞ்சொல்லே. சூடாத மலரைத் தனியே செப்பினுள் வைத்தால் அது வாடுதல் போலத் தலைவி மெலிந்தாள் என்று குறுந்தொகையின் 9-ஆம் செய்யுள் கூறுகின்றது. அங்கும் மூட்டுவாய் நன்கு பொருந்திய செப்பே பேசப்படுகின்றது. இக்காலத்தில் அச்சொல் குழந்தைகளின் விளையாட்டில் வாழ்கின்றது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் கடைந்து வண்ணம் ஏற்றப்படும் சிறு பானை, அடுப்பு, உரல், குடம் முதலியவற்றைச் ‘சொப்புச் சாமான்’ என்று வழங்குகின்றோம். கன்னட நாட்டுச் சென்னபட்டணமும், ஆந்திர நாட்டு ஏட்டிகொப்பாகமும் இத்தொழிலில் பெயர் பெற்றவை.

மரம்

கடைசலுக்கு எல்லா மரமும் ஏலா. போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் நிரம்ப வளரும் இலவ மரம் பஞ்சுக்கு ஆகுமேயன்றி உளிக்கு ஆகாது. அதன் மரம் மிக மென்மையானது. வெட்பாலை நெருங்கிய நாருடையது, நிறம் வெளுத்தது. சென்னபட்டணத்தாரும் ஏட்டிகொப்பாகத்தாரும் பெரிதும் கைக்கொள்வது அதுவே. மஞ்சட் கடம்பும் கடைசலுக்கு உகந்தது. ஆயினும் எங்கள் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மேகமலைக் காடு 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. காட்டிலிருந்து ஒரு கொம்பும் ஒடித்து வருதல் தகாது. ஆதலின் எங்கள் ஊர்ப் பெரியவர் தோட்டத்தில் பட்ட மரங்களையும், காற்றில் ஒடிந்த கிளைகளையுமே நம்பித் தொழில் செய்கின்றார்.

காற்றுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. மேற்கு மலையின் கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கினுள் பாயும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். சென்ற ஆண்டில் ஆனிக் காற்றே எங்கள் வீட்டு வாயிலில் நின்ற புளிய மரத்தின் பெருங்கிளையொன்றை முறித்துத் தள்ளிற்று. ஆவணியில் என் தமக்கைக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அவள் ஏறி விளையாடிய மரத்தின் கிளையிலேயே மண மோதிரம் வைக்க ஒரு செப்புக் கடைந்து தருவேன் என்று நான் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். கல்லூரி திறக்க 8 நாட்களே இருந்தன.

குடைதல்

பெரியவர் கற்பித்த முறையை வரிசையாகக் கூறுகின்றேன். முதலில் கிளையை நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள சோற்றை நீக்கவேண்டும். சோற்றோடு கூடிய துண்டு உலரும்போது அதனிடத்திலிருந்தே வெடிக்கும். பின்னர் 3 அங்குல விட்டமும் 5 அங்குல நீளமும் உள்ள துண்டாக அறுத்து, இரு முனைகளுக்கிடையே பொருத்திச் சுழலவிட்டு, நகவுளியால் உருளையாக்க வேண்டும். உளியை எப்போதும் அதனைத் தாங்கும் சட்டத்தின்மேல் அழுந்த வைத்த பிறகே மரத்திற்குக் கொடுக்க வேண்டும். மாறிச் செய்தால் மரம் உளியைக் கவ்விப் பிடுங்கி எறியும்.

உருளையின் அடிப்புறத்தில் ஒரு முளை எடுத்து, அம்முளையைக் கடைசலின் பிடியில் இறுக்கினால் மறுபுறம் குடைவதற்குத் திறந்து நிற்கும். நடுவில் துறப்பணத்தால் ஒரு துளையிட வேண்டும். செப்பின் உள்ளாழம் எவ்வளவோ துளையும் அவ்வளவே. கண்ணுக்குப் புலனாகாத உட்புறத்தில் உளிக்கு வழிகாட்டி அத்துளைதான்.

இனித்தான் கலையின் நுட்பம் இருக்கின்றது. உள்ளே குடையும் உளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரவேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகர்தல் ஆகாது. காரணம் இது. நின்ற வாக்கில் உள்ள மரத்தின் நார்கள் ஒரு வைக்கோற் கட்டைப் போன்றவை. உளி வெளிநோக்கிச் செல்லும்போது, வெட்டுப்படும் ஒவ்வொரு நாரையும் அதற்கு அப்பாலுள்ள நெடிய நார்கள் தாங்கிக் கொள்கின்றன. வெட்டு வழுவழுப்பாக விழும். எதிர்த்திசையில் சென்றால் தாங்குவார் இன்றி நார்கள் பிய்ந்து போகும். கிண்ணத்தைப் போல நார் குறுக்கே கிடக்குமாறு அமைத்த கலத்திற்கோ, இம்முறை நேர்மாறாகும்.

சுவர் எவ்வளவு மெலிந்தது என்பதைக் காலிப்பர் கொண்டு அளக்கலாம். பெரியவரோ செவியால் அளந்தார். சுவர் மெலிய மெலிய உளியின் ஓசை மாறும். கால் அங்குலம் வந்ததும் அவர் கையை உயர்த்துவார். அளந்து பார்த்தால் கால் அங்குலமே இருக்கும்.

இறுதியாக, சுழலும் கலத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு உண்டாகும். புளியின் வெளிறிய புறமரமும், கருஞ்சிவப்பான வைரமும் கலந்த அழகை மறைக்க மனமின்றி என் செப்புக்கு நான் அரக்கு ஏற்றவில்லை.

மூடி

மூடிக்குப் புளியில் தகுந்த துண்டு கிடைக்கவில்லை. எங்கள் பாட்டனார் காலத்துத் தேக்குக் கட்டிற்கால் ஒன்று பரணில் இருந்தது. அதிலே மூடியைக் கடைந்தேன். மூடியின் கழுத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, செப்பின் வாயில் வைத்து வைத்துப் பார்க்கவேண்டும். நன்கு பொருந்திய மூடியைத் திறக்கும்போது காற்றுப் புகும் மெல்லிய ஓசை கேட்கும். என் மூடியிலும் அவ்வோசை கேட்டது. நான் களிப்படைந்தேன். பெரியவர் செப்பை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, மூடி கிழம், பெட்டி பச்சைப் பிள்ளை. பச்சை மரம் ஆறட்டும்” என்றார். மணநாளைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன். மோதிரத்தை உள்ளே இட்டு மூடி, அன்னையாரிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன்.

ஆவணியில் மணநாட் காலை. கோவிலுக்குப் புறப்படும் வேளையில் அன்னையார் பேழையிலிருந்து செப்பை எடுத்தார். மூடி வரவில்லை. தந்தையார் முயன்றார், மாமன்மார் முயன்றனர், துணியைச் சுற்றித் திருகினர். அசையவில்லை. உறவினர் ஒருவர் சகுனத்தைப் பற்றி முணுமுணுத்தார். தமக்கை அலங்காரத்தோடு வந்து நின்று, “தம்பி, நீயே உடை; நீ செய்ததுதானே” என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. அதனாலேயே எனக்கு நாணம் மிகுந்தது. உளியை விளிம்பில் வைத்து ஒரே அடி அடித்தேன். செப்பு நாரோடு இரண்டாகப் பிளந்தது. மோதிரம் தரையில் உருண்டது.

ஈரத்தின் செயல்

நடந்தது யாது? பச்சை மரம் உலரும்போது சுருங்கும். நீளத்தில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஒரு வகையாகவும், வளையங்களைக் குறுக்கிட்டு நடுவை நோக்கும் திசையில் மற்றொரு வகையாகவும் அது சுருங்கும். முந்தையதே எப்போதும் மிகுதி. ஆதலின் வட்டமாகக் கடைந்த பச்சைச் செப்பு, உலர்ந்தபின் வட்டமாக இராது. எனது செப்பு சுருங்கிற்று. பல்லாண்டு உலர்ந்த தேக்கு மூடியோ சுருங்குவதற்கு ஈரமின்றி அவ்வாறே நின்றது. சுருங்கிய வாய் சுருங்காத கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. அன்று பொருத்தம் என்று நான் களித்தது, இரு வேறு நிலையிலுள்ள பொருள்கள் ஒரு கணம் ஒத்திருந்ததேயன்றி வேறில்லை.

குற்றம் புளிய மரத்தின்மேலதோ என்று சிலகாலம் ஆறுதல் தேடினேன். மரநூல்கள் அவ்வாறுதலையும் பறித்தன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹிக்கரி என்றொரு மரம் உண்டு. கோடரிக்கும் சுத்தியலுக்கும் காம்பிடுவதற்குப் புகழ் பெற்றது. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்வதற்குள் தேக்கு நடுநோக்கிய திசையில் நூற்றுக்கு 2.5 பங்கும், வளையத் திசையில் 5.8 பங்கும் சுருங்கும். ஹிக்கரியில் செதிற்பட்டை வகையோ முறையே 7.0 பங்கும் 10.5 பங்கும் சுருங்கும். 3 அங்குல விட்டமுள்ள ஹிக்கரிச் செப்பு ஒரு திசையில் ஏறக்குறைய அங்குலத்தில் பத்தில் மூன்று பங்கும், மறுதிசையில் பத்தில் இரண்டு பங்கும் குறையுமென்று கணக்கிடலாம். மூடிக்கு நாம் விடும் இடமோ தாளின் கனம். அத்தகைய மரத்திலும் அந்நாட்டார் மூடியுள்ள சிறு கலங்கள் கடைகின்றனர் எனின், பிழை மரத்தினது அன்று, அவசரத்தினது.

அவர்கள் செய்வதும் எங்கள் பெரியவர் செய்வதும் ஒன்றே. முதலில் சுவரைத் தடிப்பாக விட்டுப் பருவெட்டாகக் குடைந்து, நார் திறந்த முனைகளில் மெழுகு பூசி, நிழலில் வைப்பர். வாரந்தோறும் நிறுத்துப் பார்ப்பர். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நின்றுவிடும். அதன் பின்னர் மீண்டும் கடைசலில் ஏற்றி, கோணிய வாயை வட்டமாக்கி, அப்பொழுதே மூடியைப் பொருத்துவர்.

இரண்டாம் செப்பு

கிளையின் மற்றொரு பாதியைப் பெரியவர் கேளாமலே எடுத்து வைத்திருந்தார். ஐப்பசி விடுமுறையில் செப்பையும் மூடியையும் அவ்வொரே துண்டில், அரை அங்குலச் சுவரோடு பருவெட்டாகக் கடைந்தேன். அவர் வாரந்தோறும் நிறுத்து, பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எடையைக் குறித்து வந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் சென்றபோது, கடைசி மூன்று குறிப்புகளும் ஒன்றாகவே இருந்தன. “இனி வைக்கலாம்” என்றார். தை பிறக்குமுன் செப்பு முடிந்தது. தமக்கையின் இல்லத்தில் அது இருக்கின்றது. இம்முறை அவள் திறந்து மூடித் திறந்து காட்டிச் சிரித்தாள். பிளந்த முதற் செப்பு என் மேசைமேல் இருக்கின்றது.

அதனை நோக்கும்போதெல்லாம் அக்குறள் நினைவுக்கு வருகின்றது. செப்பின் பொருத்தம் புறத்தே காணப்படுவது. அதனைக் காப்பதும் கெடுப்பதும் உள்ளே மறைந்து நிற்பது. நட்பாயினும், சங்கமாயினும், குடும்பமாயினும், உள்ளே உலராத மனக்குறையை மறைத்து மேலே மூடி பொருத்துவோமாயின், பொருந்திய நாளில் இனிய ஓசை கேட்கும். திறக்க வேண்டிய நாளிலோ உளிதான் வேண்டியிருக்கும். உள்ளது உலர இடங்கொடுத்துப் பின்னர்ப் பொருத்துவதே கடைசல் தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.