பதற்ற மாத்திரையை விடுவது எப்படி?

'டென்ஷன் மாத்திரை' என்று வீட்டில் சொல்லும் அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம் எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர் இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். "மனசு வச்சா விட்டுடலாம்" என்று சொல்லும் உறவினர்களின் பேச்சை இந்த விஷயத்தில் காதில் வாங்காதீர்கள். இது மனத்திடம் சம்பந்தப்பட்டதே இல்லை. மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மாத்திரை கூட்டிக்கொண்டே இருந்ததால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப அதற்கு அவகாசம் வேண்டும்.

முதல் வேலை, மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பது. மனச்சோர்வு மருந்தான எசிடாலோபிராமும் குளோனசெபமும் சேர்ந்த ஒரே மாத்திரை நம் மருந்துக் கடைகளில் சர்வசாதாரணம். அதை நிறுத்துகிறவர் தெரியாமலே இரண்டு மருந்துகளை ஒன்றாக நிறுத்துகிறார். இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா, முன்பு வலிப்பு வந்ததா, கர்ப்பமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு நோய்க்காகவே இம்மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

அடுத்தது அளவு. 2025இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம். எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தந்த நேரத்தில் சாப்பிடும் அளவில்தான் இந்தச் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். 1 மில்லிகிராமில் 10 சதவீதம் குறைத்தால் 0.9, அடுத்து 0.81. போகப்போகப் படிகள் சின்னதாகும். கடைசிக் கட்டத்தில்தான் பலர் அவசரப்பட்டுத் தடுமாறுகிறார்கள்.

ஆனால் 0.25 மில்லிகிராம் மாத்திரையை வைத்துக்கொண்டு 0.1 எப்படிக் குறைப்பது? அதனால்தான் சில டாக்டர்கள், உடலில் நீண்ட நேரம் தங்கும் டயசெபத்துக்கு மாற்றிவிட்டுக் குறைக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 12 ஆண்டுகள் இதற்கெனவே மருத்துவமனைப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் பரவலாக்கிய முறை இது. மாற்றுக் கணக்கை நீங்களே போடாதீர்கள். அவருடைய அட்டவணையில் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராமுக்கு டயசெபம் 10 மில்லிகிராம் சமம். கணக்கு பிசகினால் விபரீதம். மருந்தை மெதுவாக வெளியிடும், எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்ட மாத்திரைகளை உடைக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதும் தவறு. மருந்தளவு ஏறி இறங்கித் தொல்லைதான் கூடும்.

குறைக்கும்போது தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போகலாம். பழைய நோய் திரும்பிவிட்டதென்று பயப்படுவீர்கள். முன்பு இல்லாத தொந்தரவுகள், அளவைக் குறைத்த சில நாட்களில் கிளம்பி அலையலையாக வந்து தணிந்தால் பெரும்பாலும் அது மருந்து விலகும் அறிகுறி. தேதி, அளவு, தொந்தரவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தாங்கவில்லையென்றால் அதே அளவில் இன்னும் சில வாரம் நிற்கலாமா என்று கேளுங்கள். அப்படி நிற்பது தோல்வியல்ல.

மதியத்துக்குமேல் காபி வேண்டாம். இரவு தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். படபடப்பு ஏறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். மாத்திரைக்குப் பதில் மது என்பது கொலைகார யோசனை. இந்த மருந்துகளைச் சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்பது சட்டம். அதனால் பண்டிகை விடுமுறைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, கேட்பது, இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். டாக்டரைப் பார்க்கும் நாள்வரை வழக்கமான அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள்.