பூட்டிய இயந்திரமும் திறவுகோலின் உரிமையும்

பெங்களூரு நகரின் பீண்யா, சிறுதொழிற்கூடங்கள் செறிந்த பெரும் தொழிற்பேட்டையாகும். அங்கு இயங்கும் அழுத்து இயந்திரங்கள், பொதியிடும் இயந்திரங்கள் பலவற்றை இன்று இயக்குவது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியாகும். 1960-களின் இறுதியில் அமெரிக்க மோட்டார்த் தொழிலில் ரிலே பெட்டிகளுக்கு மாற்றாகத் தோன்றிய இக்கருவிக்குள் இருக்கும் நிரலே இயந்திரத்தின் மூளை எனலாம்.

இந்நிரலுக்குக் கடவுச்சொல் இடுபவர் பெரும்பாலும் இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தவரே. அவர் தொழிலைக் கைவிட்டாலோ, அவரிடம் பணிபுரிந்த பொறியாளர் விலகினாலோ, முழு விலை கொடுத்த உரிமையாளர் தம் இயந்திரத்தில் ஒரு கால அளவைக்கூட மாற்ற இயலாதவராகிறார்.

முறையான வழி, முதலில் அமைப்பாளரையும், அவர் இல்லையெனில் கொள்முதல் ஆவணங்களுடன் கருவி உற்பத்தியாளரையும் நாடுவதாகும். ஆயினும் பல மாதிரிகளில் மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தர இயலாது. நினைவகத்தை அழிக்கவே இயலும். சான்றாக, சீமென்ஸ் எஸ்7-1200 கருவியில் பரிமாற்ற அட்டையாக அமைத்த வெற்று நினைவக அட்டையைச் செருகி மறுதொடக்கம் செய்தால் கடவுச்சொல் நீங்கும். நிரலும் உடன் நீங்கும். ஆகவே நிரலின் நகல் கையில் உள்ளதா என்பதே கேள்வி. இருப்பின் சில மணி நேர வேலை. இல்லையேல் மின்சுற்று வரைபடத்தைப் படித்து, இயந்திரத்தின் அசைவுகளை ஆராய்ந்து, நிரலைப் புதிதாக எழுதவேண்டும். அதுவரை உற்பத்தி இல்லை. (மின்கலத்தை நம்பி நிரலைக் காக்கும் பழைய மாதிரிகளில், மின்கலம் தீர்ந்தாலே இதே நிலைதான்.)

குறுக்குவழிகளும் விற்பனைக்கு உள்ளன. 2022-இல் டிராகோஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அத்தகைய மென்பொருள் ஒன்றை ஆராய்ந்தது. டைரக்ட்லாஜிக் வகைக் கருவியின் கடவுச்சொல்லை அது உண்மையாகவே மீட்டுத் தந்தது; கூடவே, பொறியாளரின் கணினியில் ‘சாலிட்டி’ என்னும் தீநிரலையும் புகுத்தியது. வேலை முடிந்ததால் எவருக்கும் ஐயம் எழாது என்பதே இதன் ஆபத்து.

சிக்கலின் வேர் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ளது. கடவுச்சொல், நிரலின் நகல், மின்சுற்று வரைபடம் ஆகிய மூன்றையும் ஒப்படைக்கவேண்டிய பொருள்களாகவே ஆணையில் குறிப்பிட்டு, அவை வரும்வரை இறுதித் தவணையை நிறுத்திவைக்கலாம். தம் வடிவமைப்பு களவாடப்படும் என்ற அமைப்பாளரின் அச்சமும் நியாயமானதே. நுட்பம் பொதிந்த பகுதிகளை மட்டும் பூட்டி மற்றவற்றைத் திறந்துவைக்கப் பல கருவிகளில் வசதியுண்டு; முழு நகலை முத்திரையிட்டு மூன்றாமவரிடம் ஒப்படைக்கவும் இயலும். ஒரே இயந்திரம் வாங்கும் சிறு முனைவோருக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு. அவருக்குக் கடனளிக்கும் வங்கி, காப்பீட்டுச் சான்றுடன் இந்நகலையும் கேட்கத் தொடங்கினால் அமைப்பாளர் மறுப்பது கடினம்.