தள்ளாமையைத் தள்ளிப் போடலாம்



"அத்தை, நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்." விருத்தாசலத்தைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பாசத்தால் சொல்கிறீர்கள். அந்தப் பாசமே சில சமயம் பெரியவர்களை மூலையில் முடக்கிவிடுகிறது.

என் வீட்டிலேயே நடந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று நாளில் விட்டுவிட்டது. "ஒடம்பு தேறட்டும், படும்மா" என்று ஒரு மாதம் படுக்க வைத்தோம். கஞ்சியும் ரசம் சோறும் கொடுத்தோம். பிறகு அவர் துணையில்லாமல் வாசற்படி தாண்டவேயில்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொல்லும் எனக்கு அன்று புத்தி வரவில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது.

அளவான குடும்பம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்தினீர்கள். நல்லது. ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் படுத்துவிட்டால் பார்க்க ஆளில்லை. உங்களில் ஒருவர் கூலியை விட வேண்டும். அது பெரும்பாலும் மனைவிதான்.

தள்ளாமை ஒரே நாளில் வராது. வளையல் தொளதொளக்கும். நடை மெதுவாகும். தண்ணீர்ச் சொம்பு கனக்கும். "அசதியா இருக்கு" என்பார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சோகை, சர்க்கரை, கண்புரை, ஏன், சாப்பிடும் மாத்திரைகூடக் காரணமாயிருக்கலாம்.

நம்மூர்ப் பீங்கான் உடைந்தால் மறுபடி களிமண் ஆகாது. சதை அப்படியில்லை, திரும்ப வளரும். பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோருக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்ததில், கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. இது 1990-ல் வெளியான செய்தி.

நமக்கு ஒரு நாற்காலி போதும். வழுக்காமலிருக்கச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும். முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளட்டும். முதலில் 5 முறை, பழகினால் 10. காலையிலும் மாலையிலும் பேரப்பிள்ளைகள் எண்ணட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

வெறும் கஞ்சியால் சதை வளராது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையமே மல்லாட்டை ரகங்கள் வெளியிடுகிறது. விளைந்ததையெல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்குக் கொஞ்சம் வையுங்கள். பல் இல்லையா? வறுத்துப் பொடித்துச் சோற்றில் போடுங்கள். குழம்பின் அடியிலுள்ள பருப்பு பெரியவர் தட்டுக்குப் போகட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் அளவுதான்.

கழிப்பறை போகும் வழியில் இரவில் ஒரு விளக்கு எரியட்டும். பூ கட்டுவது, கடைக்குப் போய்வருவது போன்ற வேலைகளை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள்.

ஏற்கனவே படுத்துவிட்டவர் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியரிடம் சொல்லுங்கள். மாத்திரை மட்டுமல்ல, வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி கொடுக்கவும் அதில் வழியுண்டு.