அணைத் தண்ணீரைக் குறைப்பது ஏன்?

ஐப்பசி மழை பலமாகப் பெய்கிறது. நெய்யாறு அணையின் ஷட்டரைத் திறக்கப்போவதாக அறிவிப்பு வருகிறது. நெய்யாற்றின்கரையில் ஆற்றோரம் இருப்பவர்கள் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டுகிறார்கள். பூவாறு வரைக்கும் இதே பேச்சுதான்.

“கோடையில் ஏலாவுக்குத் தண்ணீர் இல்லை. இப்போது இருப்பதைக் கடலுக்கு விடுகிறார்களே” என்று பாறசாலைப் பக்கம் சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

அணை நிறைந்த பிறகு வெள்ளம் வந்தால், வருவதை எல்லாம் உடனே வெளியே விட வேண்டும். ஆறு தாங்காது. நிறையும் முன்பே ஷட்டரைச் சில சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் அணைக்குள் இடம் கிடைக்கும். அடுத்த மழை அங்கே தங்கும். நெய்யாறு அணையின் முழு நீர்மட்டம் 84.75 மீட்டர். இது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். தண்ணீரின் ஆழம் என்று நினைத்துவிடக் கூடாது.

வெள்ளத்துக்காக மட்டும் தண்ணீரைக் குறைப்பதில்லை. அணையைப் பழுதுபார்க்கவும் குறைப்பார்கள். முல்லைப் பெரியாற்றில் அதுதான் நடந்தது.

இந்த அணை இடுக்கி மாவட்டத்தின் காட்டுமலைக்குள் இருக்கிறது. தேக்கடியில் படகு விடும் ஏரி இதன் தண்ணீர்தான். பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டினார். சுர்க்கி என்பது செங்கல் பொடி. 1895இல் வேலை முடிந்தது. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் போகிறது. அணை நிற்பது கேரளத்தில். வயல் விளைவது தமிழ்நாட்டில்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி ஊருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வண்டிப்பெரியாறு மக்களையும் பயமுறுத்தியது. அவர்களுடைய வீடுகள் முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே இருக்கின்றன. 1979 நவம்பரில் இரண்டு மாநிலங்களும் மத்திய நீர்வள ஆணையமும் கூடிப் பேசின. 152 அடி வரை தேக்கிய தண்ணீரை, அணையைப் பலப்படுத்தும் வரை 136 அடியில் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

மட்டத்தைக் குறைத்தால் அணைக்கு என்ன லாபம்? ஒரு தகர டின்னில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். கீழ் ஓட்டையில்தான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். மட்டம் இறங்கினால் சுவர் தாங்க வேண்டிய பாரம் குறையும்.

விவசாயிக்கோ நஷ்டம். 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கத்துக்கு ஏறாது. 152 அடி நிறைந்தால் பயன்படும் உயரம் 48 அடி. 136 அடி என்றால் 32 அடிதான். போனது 16 அடி, மூன்றில் ஒரு பங்கு. உண்மையான நஷ்டம் அதைவிட அதிகம். மலைப் பள்ளம் வாயகன்ற சட்டி மாதிரி. மேலே உள்ள ஓர் அடியில், கீழே உள்ள ஓர் அடியைவிட அதிகத் தண்ணீர் நிற்கும்.

பிறகு அணையின் தலையில் கான்கிரீட் போட்டார்கள். இரும்பு வடங்களை அடிப்பாறை வரை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தார்கள். அணை பலமாகிவிட்டது என்றது தமிழ்நாடு. பயம் தீரவில்லை என்றது கேரளம். 142 அடி தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கேரளம் 136 அடிதான் என்று சட்டம் போட்டது. 2014 மே 7இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அதற்குள் 35 வயது.

2018 ஆகஸ்டில் கேரளம் எங்கும் வெள்ளம். அந்த மாதம் 31 வரை மட்டத்தை 142 அடிக்கு இரண்டு, மூன்று அடி கீழே வைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. இந்த முறை தற்காலிகம் என்பதற்குத் தேதி குறித்திருந்தார்கள்.

கணக்குப் போடுங்கள்:
142 அடி நிறைந்தால் சுரங்கத்துக்குப் பயன்படும் உயரம் எத்தனை அடி?
136 அடியில் இருப்பதைவிட அது எத்தனை அடி கூடுதல்?